மூன்றாவது சுழி

1713ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. டேனிஷ் அரசரின் ஆதரவோடு 1706இல் அந்தக் கடற்கரையில் இறங்கிய சீகன்பால்கு அவற்றுக்காகத்தான் காத்திருந்தார். அதற்குள் அவர் தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்திருந்தார். லண்டனிலிருந்து கிறித்தவ அறிவு பரப்பும் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரமும் முந்தைய ஆண்டே வந்திருந்தது. அதோடு வந்தவை போர்த்துக்கீசிய மொழிக்கான உரோமன் எழுத்துகள். அவற்றைக் கொண்டு தமிழை அச்சிட முடியாது. எனவே ஹாலேயின் பெட்டிகளை ஆவலோடு திறந்திருப்பார்கள். எழுத்துகள் சரியாகவே இருந்தன. ஆனால் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் கையிலிருந்த தாள் போதாது, புத்தகமும் தூக்க முடியாத கனத்துக்கு வரும்.

எழுத்துகளோடு வந்திருந்த அச்சு வினைஞர் அட்லர், பக்கத்து ஊரான பொறையாறில் வார்ப்புப் பட்டறை போட்டுச் சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கித்தான் அவற்றை வார்த்தார்கள் என்று மிஷன் வரலாறுகளில் ஒரு செய்தி உண்டு. 1714இல் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி வெளிவந்தது, அடுத்த ஆண்டு முழுமையானது. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாறிலேயே காகித ஆலையும் தொடங்கினார்கள்.

காவிரிப் படுகையில் அச்சுக்காக நடந்த முதல் எழுத்துருத் தேர்வு இதுதான் என்று சொல்லலாம். ஹாலேயில் ஒரு தேர்வு, பொறையாறில் அதற்கு ஒரு திருத்தம். முதல் தேர்வைச் செய்தவர்கள் தமிழ் படிப்பவர்களின் நடுவே இல்லை; திருத்தியவர்கள் இருந்தார்கள். மேசைக் கணினிகளில் தமிழுக்கு எந்த எழுத்துரு இயல்பாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை, கடைக்காரர்கள் டீஃபால்ட் ஃபான்ட் என்றும் கணித்தமிழ் நூல்கள் இயல்பிருப்பு எழுத்துரு என்றும் சொல்லும் அந்தத் தேர்வை, இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணினி வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அந்த எழுத்துருவை மாற்றுவதே இல்லை. மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கும் சிலர் கோடிக்கணக்கானோரின் சார்பில் முடிவெடுக்கிறார்கள்.

விண்டோஸின் முதன்மை எழுத்துரு சீகோ யூஐ. ஆப்பிளின் மேக் கணினிகளில் 2015 முதல் சான் ஃபிரான்சிஸ்கோ. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் கனோம் மேசைத்தளத்தில் 2011 முதல் கான்டரெல் இருந்தது. 2025 மார்ச்சில் அத்வைதா சான்ஸ் அதன் இடத்துக்கு வந்தது. இந்த நான்கில் எதிலும் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இவற்றை வடிவமைத்தபோது எழுத்தின் பருமன், இடைவெளி, சிறிய அளவில் தெளிவு என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். தமிழோ, முதன்மை எழுத்துருவில் இல்லாததால், மாற்று எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வழியில் திரைக்கு வருகிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாளையும் அது தன் வயலுக்கு வரும் நாளையும் வேறு வேறாகவே எண்ணிப் பழகிய டெல்டா விவசாயிக்கு இந்த நிலை எளிதில் புரியும். எழுத்துரு வரிசையில் தமிழ் கடைமடை.

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது? நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் உயிர், மெய், துணைக்குறிகள், எண்கள், சில கணக்குக் குறிகள் உள்ளன. எழுத்துருக் கோப்புக்குள் எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற அட்டவணை இருக்கிறது. ஒரு வரியைத் திரையில் காட்ட வேண்டிய நேரத்தில் இயங்குதளம் முதலில் அதை எழுத்துமுறைவாரியாகத் துண்டாக்குகிறது. தமிழ்த் துண்டுக்கு முதன்மை எழுத்துருவின் அட்டவணையைப் பார்க்கிறது. அங்கே இல்லை. வரிசையில் அடுத்த எழுத்துருவுக்குப் போகிறது, அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எதிலுமே கிடைக்காவிட்டால் வெறும் பெட்டியை வரைந்துவிட்டு நகர்ந்துவிடும். லினக்ஸில் இந்த வரிசை சாதாரண உரைக்கோப்பாகவே இருக்கிறது. எந்த மொழிக்கு முதலில் எந்த எழுத்துருவைத் தேட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அத்தனை பயனர்களின் திரையிலும் தமிழின் முகம் மாறிவிடும்.

உருவம் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ‘கெ’ என்று எழுதும்போது கணினியின் நினைவில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும்தான் இருக்கின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். ககரமும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்ற தனி வடிவம் வேண்டும்; மகரத்தோடு சேர்ந்தால் ‘மு’, அது வேறு வடிவம். இவற்றைச் செய்யும் நிரலை, எழுத்துகளைக் கோக்கும் இயந்திரம் என்று சொல்லலாம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லினக்ஸ் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல். இதற்கான விதிகளில் ஒரு பகுதி எழுத்துருவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எழுத்துரு என்பது படங்களின் தொகுப்பு மட்டும் ஆகாது. தமிழ் எழுத்துகள் எப்படிக் கூடும் என்ற இலக்கணமும் அதற்குள்தான் வாழ்கிறது.

விண்டோஸில் தமிழ் முதன்முதலாக முறையாக வந்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், லதா எழுத்துருவோடு. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து நிர்மலா யூஐ. இந்தியாவின் பல எழுத்துமுறைகளை ஒரே கோப்பில் அடக்கிய எழுத்துரு அது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் வேண்டுவோர் தனியாக இறக்கிக்கொள்ளும் துணை எழுத்துருக்களாயின. மேக் கணினிகளில் இணைமதியும் பிறகு தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துருவும் வந்தன. இரண்டையும் உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். அந்த ‘எம்என்’ அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். லினக்ஸில் பல ஆண்டுகள் ரெட்ஹேட் நிறுவனம் 2004இல் திறந்த உரிமத்தில் வெளியிட்ட லோகித் தமிழ் கோலோச்சியது. பின்னர் கூகுளின் நோட்டோ குடும்பம் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியது. எந்த மொழியிலும் பெட்டி தெரியக் கூடாது என்பதுதான் நோட்டோவின் குறிக்கோள். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் முதல் கணினிகளில் விண்டோஸும் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. திருவாரூரிலோ மன்னார்குடியிலோ ஒரு பிளஸ் டூ மாணவி ஒரே கணினியில் இருவேறு தமிழ் முகங்களைப் பார்த்திருப்பாள்.

பெயர்ப் பட்டியலை இத்தோடு நிறுத்திக்கொண்டு திரைக்குள் போகலாம்.

கல்லணை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பட்டிகளில் வழக்கமான எழுத்தளவு 9 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில் அது 12 பிக்சல். இந்தப் பன்னிரண்டுக்குள் மேலே எழும் விசிறி, கீழே இறங்கும் சுழி எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் எழுத்தின் நடு உடலுக்குக் கிடைப்பது ஆறு அல்லது ஏழு பிக்சல் உயரம்தான். இப்போது ‘ண’ எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நான்கைந்து இடங்களில் கருப்பும் அவற்றுக்கு நடுவே வெள்ளையும் மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பிக்சல் தேவை. ஐந்து கருப்பு, நான்கு வெள்ளை என்றால் ஒன்பது பிக்சல் அகலம். அதற்குக் குறைந்தால் எங்கோ ஒரு வெள்ளை அடைபடும். பள்ளிக்கூடத்தில் ‘மூணு சுழி ண’ என்று சொல்லிக்கொடுத்த எழுத்து, திரையில் ‘ரெண்டு சுழி ன’ ஆகிவிடும். கல்லணை கல்லனையாகும், மணல் மனலாகும், பணம் பனமாகும். பழகிய சொல்லைக் கண் தானே திருத்திப் படித்துவிடும். பட்டாவில் வரும் பெயரில், தமிழை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் பாடத்தில் அப்படித் திருத்திப் படிக்க வழியில்லை.

இலத்தீன் எழுத்துகளில் இவ்வளவு நெருக்கம் குறைவு. சிறிய எழுத்தில் மிக நெரிசலான ‘எம்’ கூட மூன்று கால்களும் இரண்டு இடைவெளிகளும்தான். ஐந்து பிக்சலில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தமிழுக்கும் அதே அளவை ஒதுக்குவது அடிப்படையிலேயே பிழை. இதற்குத் தொழில்நுட்பத்தில் சில பரிகாரங்கள் உண்டு. ஒவ்வோர் அளவிலும் எந்தக் கோடு எந்தப் பிக்சலில் உட்கார வேண்டும் என்ற குறிப்புகளை எழுத்துருவுக்குள் எழுதி வைப்பார்கள். ஹின்டிங் என்று அதற்குப் பெயர். ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்திக் கிடைமட்டத்தில் தெளிவைக் கூட்டும் முறை இன்னொன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த கிளியர்டைப் இதைத்தான் செய்தது. விலையுயர்ந்த புதிய திரைகளில் பிக்சல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் இந்தச் சிக்கல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும் பள்ளிக் கணினி அறையிலும் இன்னும் பழைய திரைகள்தான். தேர்வுக்குழு தன் மேசைமேல் இருக்கும் நல்ல திரையில் எழுத்துருவைச் சோதித்துவிட்டுச் சரி என்று முடிவெடுத்தால், ஹாலேயில் நடந்தது மறுபடி நடக்கும்.

என் கருத்தைக் கேட்டால், தமிழுக்கான இயல்பு எழுத்துரு கொஞ்சம் அகலமாக, உள்கோடுகள் கொஞ்சம் மெலிந்ததாக இருக்க வேண்டும். எல்லாக் கோடும் ஒரே பருமனில் இருக்கும் வடிவம் இலத்தீனில் நன்றாக அமைகிறது என்பதற்காக அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஞ, ண, ஐ போன்ற எழுத்துகள் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும், ட, ப, ர வெளிறித் தெரியும். பக்கம் முழுதும் புள்ளி புள்ளியாக இருக்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த திறந்த எழுத்துருக்கள் சில இதை நன்றாக எண்ணிச் செய்தவை: பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், ஏக் டைப் குழுவின் முக்த மலர், அதே குழுவின் அனேக் தமிழ், சுதந்திர மலையாளக் கணிமைக் குழு தந்த மீரா இனிமை. தமிழ் எழுத்தின் உடலைத் தமிழிலிருந்தே தொடங்கி வரையக்கூடிய கைகள் இன்று இருக்கின்றன. குறை ஆளில் இல்லை.

அகலத்தைவிட உயரத்தில் வரும் தொல்லை இன்னும் பெரிது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள கீழ்வேளூரைச் சோதனைச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது. ‘கீ’யின் விசிறி மேலே ஏறிச் சுழிக்கிறது. ‘ழ்’ கீழே இறங்குகிறது, அதே எழுத்தின் தலையில் புள்ளியும் இருக்கிறது. ‘வே’யில் கொம்பு முன்னால். ‘ளூ’ மறுபடி கீழே போய் வளைகிறது. ஒரே சொல் வரியின் கூரையையும் தரையையும் தொடுகிறது. முதன்மை எழுத்துருவின் வரி உயரத்தை இலத்தீனுக்காக நிர்ணயித்திருப்பார்கள். தமிழ் எழுத்துரு தனக்கு வேண்டிய உயரத்தைக் கேட்டால் தமிழ் வரும் வரி மட்டும் துள்ளி, பட்டியல் கோணலாகும். கேட்காமல் அடங்கிப்போனால் விசிறியின் மேற்பகுதியும் ழகரத்தின் காலும் வெட்டுப்படும். கூகுள் ஒரு கட்டத்தில் நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டாக வெளியிட்டது. ஒன்று நூல் படிப்பதற்கு, தாராளமான உயரத்தோடு. மற்றொன்று பட்டிகளுக்கும் பொத்தான்களுக்கும், உயரத்தை ஒடுக்கி. அது நியாயமான தீர்வுதான். ஆனாலும் ஒடுக்க வேண்டியது எப்போதும் தமிழ்தான், பெட்டியின் உயரத்தைக் கூட்டலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

நீளமும் இப்படித்தான். பட்டா நகலை எடுத்துப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், அவற்றுக்குக் கீழே பரப்பு ஹெக்டேர் ஏர், தீர்வை ரூபாய் பைசா என்று குறுகிய கட்டங்கள். நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறவர் சிட்டா, அடங்கலையும் கையில் வைத்திருக்க வேண்டும். குறுவை அறுவடையின் போது இ-சேவை மையங்களில் இவற்றைத்தான் அச்சிட்டுக்கொண்டே இருப்பார்கள். லதாவில் ஒரு பக்கத்தில் அடங்கிய படிவம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வேறு அகலத்தில் விரியும். தலைப்பு இரண்டு வரியாகும், கட்டம் இறங்கும், கையொப்பம் போடும் இடம் அடுத்த பக்கத்துக்குப் போகும். எழுத்துருவை மாற்றும் போது பழைய ஆவணங்கள் என்னாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2007இல் ரெட்ஹேட் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள், ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றின் அகலத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பின்பற்றின. அதனால் ஆங்கில ஆவணம் இயங்குதளம் மாறினாலும் கலையவில்லை. தமிழுக்கும் அத்தகைய அக்கறை தேவை.

யூனிகோடுக்கு முந்தைய காலத்தை நினைத்தால் இன்றைய குறைகள் சிறியவைதான். பாமினி, வானவில் என்று அச்சகங்களும் அலுவலகங்களும் பயன்படுத்தியவற்றில் எழுத்துருவும் குறியீட்டு முறையும் ஒன்றே. ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். இயல்பு எழுத்துரு என்ற ஒன்றைத் தமிழுக்கு வைக்கவே அப்போது வழியில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டைத் தொடர்ந்து டேம், டேப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோட் எழுத்துருக்களை இலவசமாக வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் பெயர் மருதம்.

எழுத்துரு அரசாணையையும் சுமக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். பெரியார் 1935இல் தம் இதழில் பயன்படுத்தத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்ஜிஆர் அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் இருந்த யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவம் போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே ஐகாரக் கொம்பு வந்தது. ணா, றா, னா மூன்றிலும் சுருண்டு ஒட்டியிருந்த வடிவம் போய்த் துணைக்கால் வந்தது; இவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் அவ்வாறே மாறின. மொத்தம் 13 எழுத்துகள். யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. ணகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் எப்படிக் காட்டுவது என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. லதா முதலாகப் புதிய வடிவமே இயல்பானது. அதாவது 1978ஆம் ஆண்டு அரசாணை இன்று எழுத்துருக் கோப்பின் ஓர் அட்டவணையில்தான் நடைமுறையில் இருக்கிறது. அட்டவணையை மாற்றினால் அதே கோப்பு, அதே எண்கள், 1950ஆம் ஆண்டின் கல்லணையைக் காட்டும்.

இயல்பாகப் புதிய வடிவம் இருப்பதே சரி; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பழையதை வேண்டும்போது காட்டும் வசதியையும் எழுத்துருவுக்குள் வைக்கலாம். ஓப்பன்டைப் தொழில்நுட்பத்தில் அதற்கென்றே விருப்ப அம்சங்கள் உண்டு. சரசுவதி மகால் நூலகத்துப் பழைய அச்சு நூலை அப்படியே மறுபதிப்பாகத் தர விரும்புபவர் அதைச் சொடுக்கிக்கொள்வார். மற்றவர்களுக்கு அது கண்ணில் படவே படாது. கொம்பிலேயே இன்னும் பழைய ஓர் அடுக்கும் உண்டு. பனையோலையில் குறில் நெடில் எகரங்களைக் குறியில் வேறுபடுத்துவது அரிது. மெய்க்குப் புள்ளி வைப்பதும் அரிது. நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பைப் பரவலாக்கியவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது; அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில்தான் அச்சானது. நாம் இன்று திரையில் பார்க்கும் ‘வே’ அந்த வட்டாரத்தின் கொடை.

இனி, எழுத்துருவில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்ற கேள்வி. இதில்தான் தஞ்சைக்கு மிகப் பெரிய பங்கு இருக்கிறது.

தஞ்சாவூர் வட்டாரத்தில் நிலத்தை இன்றும் மா, வேலி என்று பேசுவார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது வழக்கம். வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் அதே சொல் 1/20 என்ற பின்னத்தின் பெயராகவும் நிற்கிறது. அதற்குக் கீழே காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமா? ‘கீழ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் மேலும் 320ஆல் வகுத்ததாகப் பொருள். கீழ் முந்திரி என்றால் 1/102400. இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தின் பரப்பை இப்படிக் கீழுக்குக் கீழாக இறக்கி எழுதியிருக்கிறார்கள். வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை கணக்கு போயிருப்பதாகக் கல்வெட்டறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். 320இன் நான்காம் அடுக்கை 5ஆல் பெருக்கினால் வரும் எண் அது. இன்றைய வேலி அளவை வைத்துப் பார்த்தால் அரைச் சதுர மில்லிமீட்டர் நிலம். ஒரு நெல்மணி விழுந்தால் அதைவிட அதிக இடத்தை மறைக்கும். அவ்வளவு சிறிய நிலத்தை யாரும் கயிறு போட்டு அளந்திருக்க முடியாது. மொத்தப் பரப்பிலிருந்து வாய்க்கால், குளம், சுடுகாடு, கோயில் எனக் கழித்து, மீதியை மீதமே இல்லாமல் எழுதும் கணக்குத் துல்லியம் அது.

இந்தப் பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் கணக்குப்பிள்ளைகள் தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். ஏட்டிலும் பழைய பத்திரங்களிலும் அவை நிறைய. 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோட் 12.0, தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற புதிய தொகுதியில் அத்தகைய 51 குறிகளுக்கு எண் கொடுத்தது. முந்திரியிலிருந்து முக்கால் வரை பின்னங்கள். ‘கீழ்’ என்ற அந்த 320ஆல் வகுக்கும் குறி. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு. காசு, பணம், பொன், வராகன். குழி, வேலி, நன்செய், புன்செய். நெல்லுக்கே ஒரு தனிக் குறி. உலகத் தரத்தில் நெல்லும் வேலியும் இடம்பெற்றுவிட்டன.

எண் கிடைப்பது பாதி வழிதான். அந்த எண்ணுக்கு எழுத்துருவில் உருவம் இருந்தால்தான் திரையில் தெரியும். கூகுள் இவற்றுக்கென்று நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற தனி எழுத்துருவை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது அன்றாடத் தமிழுக்கான நோட்டோ சான்ஸ் தமிழிலிருந்து வேறு கோப்பு. அதுவோ அதைப் போன்ற வேறொன்றோ இல்லாத கணினியில் வேலிக் குறியைத் தட்டினால் பெட்டி வரும். பட்டிகளின் கூர்மை, வரி உயரம் ஆகியவற்றில் நேர்ந்த குறைகளை ஒருவாறு கண் பொறுத்துக்கொள்ளும். பெட்டியைப் படிக்க முடியாது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து கணினியில் ஏற்ற முனையும் ஆய்வாளர், வேலிக் குறி வரும் இடத்தில் ‘வேலி’ என்று சொல்லாக எழுதிவிட்டுப் போவார். மூலத்தில் குறி இருந்ததா சொல் இருந்ததா என்பது அடுத்து வருபவருக்குத் தெரியாமல் போகும். பழைய கணக்கேடுகளிலும் அறக்கட்டளை ஏடுகளிலும் இதே நிலை.

51 உருவங்களைச் சேர்த்தால் எழுத்துருக் கோப்பின் அளவு சில ஆயிரம் பைட் கூடும். இன்றைய வன்தட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஏன் சேர்ப்பதில்லை? கேட்பவர் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். வேலி, மா, காணி என்று பேசும் மக்கள் கணினியின் எழுத்துரு வரிசையை எழுதும் கூட்டத்தில் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் நிலக்கணக்கு எழுதியதில்லை. இயல்பு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் குழு சோதனைக்கு வைத்துக்கொள்ளும் பக்கத்தில் வழக்கமாக ஒரு செய்தித்தாள் பத்தியும் சில பட்டிச் சொற்களும் இருக்கும். அதில் ஒரு பட்டா நகல், ஓர் அடங்கல், கொள்முதல் நிலையத்தின் ஒரு ரசீது, பெரிய கோயில் கல்வெட்டின் ஒரு நிலக்கணக்கு வரி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். 9 புள்ளி அளவில், மலிவான பழைய திரையில், கல்லணையும் கீழ்வேளூரும் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதன் தலைக்கும் இடையே ஒரு பிக்சல் வெளிச்சமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ம்’ என்பது ‘ம’ போலத் தெரியும்.

நல்ல செய்தி, இதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. லோகித், நோட்டோ, கட்டமரன், முக்த மலர், அனேக் தமிழ் எல்லாம் இன்று திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. யார் வேண்டுமானாலும் கோப்பைத் திறந்து உருவங்களைச் சேர்க்கலாம், உரிம விதிப்படி தேவையானால் பெயரை மாற்றி, மறுபடி வெளியிடலாம். அதற்கான ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளும் இலவசம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையும் கல்வெட்டுத் துறையும் இருக்கின்றன. குறிகள் எப்படி எழுதப்பட்டன என்பதை வாசித்துக் காட்டக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதே ஊரில் பொறியியல் கல்லூரிகள் பல. ஒரு துறை வடிவத்தைத் தந்து, இன்னொரு துறை அதை எழுத்துருவில் ஏற்றினால், வேலிக்கும் நெல்லுக்கும் உருவம் கொண்ட தமிழ் எழுத்துரு ஒன்றை ஒரு கல்வியாண்டுக்குள் முடித்து, லினக்ஸ் வெளியீடுகளின் குழுக்களுக்கு அனுப்பிவிடலாம். அவர்களுடைய வரிசைக் கோப்பில் தமிழுக்கான இடத்தில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி.